இரண்டு பேர் ஊற்றிய குளம்

என் தம்பிகள் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள். பேசாமல் இருப்பது அவர்கள் இஷ்டம், எனக்கென்ன வந்தது. ஆனால் அந்த வீம்பைக் கொண்டுபோய் நீச்சல் குளத்தில் கரைத்து, அதில் என் காலையும் சேர்த்து முக்கியதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. இதைச் சொல்ல ஆரம்பிக்கும்போதே பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன்.

முதலில் காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். கல்யாணம் விளங்காமல் போய்த் திரும்பி வந்த வருஷம் ஸ்டியரிங்கைப் பிடித்தேன், அதற்குப் பிறகு விடவில்லை. பிள்ளைகளுக்கு நான் வேன் அத்தை. பின்சீட்டில் எவன் எவளுடைய ஜடையை இழுக்கிறான் என்று கண்ணாடியைப் பார்க்காமலேயே சொல்லுவேன். ஓடுகிற வண்டியில் அடிபட்டிருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். நிறுத்திய வண்டியைக் கழுவிவிட்டு ஈரப் படியில் இறங்கும்போது வழுக்கி விழுந்து வலது தொடையை உடைத்துக்கொண்டேன். உள்ளே கம்பி வைத்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது, சதைதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஊன்றினால் நிற்கும், மெல்ல நடக்கும். உட்கார்ந்தபடி முழங்காலைத் தூக்கு என்றால் மட்டும் தூக்காது. ஆக்சிலேட்டரிலிருந்து பிரேக்குக்குக் காலைத் தூக்கிப் போட முடியாதவளை நம்பி யார் பிள்ளைகளை ஏற்றி அனுப்புவார்கள்?

பள்ளிக்கூடத்தில் என் இடத்தை எனக்காக வைத்திருந்தார்கள். லீவு முடிந்து பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் வந்து ஓட்டிக் காட்டு, கால் சரியாக இருந்தால் வண்டி உன்னுடையது, இல்லாவிட்டால் இப்போது ஓட்டுகிற ஆளையே வைத்துக்கொள்வோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். மனிதர் நியாயமானவர், அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பிசியோதெரபி அம்மாவும் வழி சொல்லிக் கொடுத்தார்.

"இடுப்பளவு தண்ணியில முழங்காலைத் தூக்கித் தூக்கி நடங்க. தண்ணி தாங்கிக்கும், சதை முழிச்சுக்கும். ஆனா நடுவுல விடக் கூடாது. விட்டீங்கன்னா திரும்பவும் தூங்கிடும்."

ஊர்ப் பொதுக் குளத்தில் இறங்க ஏணிதான் இருந்தது, என்னால் ஏணியில் இறங்க முடியாது. தம்பிகள் வீட்டுக் குளத்தில் அகலமான படியும் பக்கத்தில் கைப்பிடியும் இருந்தன. அதற்காகத்தான் என் வாடகை வீட்டைப் பூட்டிவிட்டு, இரண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு வந்தேன். வேறு எதற்கும் இல்லை. அந்த இரண்டு பேருடைய முகத்தையும் ஒரே நாளில் பார்க்கும் பொறுமை எனக்குக் கிடையாது.

வீடு ஒரே கூரை, நடுவில் சுவர், இரண்டு வாசல். இடது பக்கம் பெரியவன், வலது பக்கம் சின்னவன். பின்னால் இருக்கும் குளம் மட்டும் பொது. எனக்குக் கொடுத்தது நடுவில் இருந்த ஸ்டோர் ரூம், அதற்கு இரண்டு பக்கமும் கதவு. காலைச் சாப்பாடு பெரியவன் வீட்டில், ராத்திரிச் சாப்பாடு சின்னவன் வீட்டில். மத்தியானத்துக்கு இரண்டு வீட்டிலிருந்தும் தட்டு வரும். ஒன்றைச் சாப்பிட்டால் இன்னொருவனுக்கு மூஞ்சி தூக்கிக்கொள்ளும் என்று இரண்டையும் தின்று தொலைத்தேன். பாசத்துக்கு ஒரு குறையும் இல்லை. அதுதானே வயிற்றெரிச்சலே.

சண்டை எதற்கு என்று கேட்டால் சிரிப்பீர்கள். சின்னவன் காரைப் பின்னால் எடுக்கும்போது பெரியவனுடைய கேட்டில் உரசிவிட்டான். பெரியவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சின்னவனுடைய மாமனார், மச்சான் எல்லாரும் நிற்கும்போது, "இவனுக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுத்தது" என்று கேட்டான். "கேட்டைக் கொண்டுபோய் ரோட்டுல நட்டு வெச்சுட்டு என்னைச் சொல்றியா" என்றான் சின்னவன். அவ்வளவுதான். வண்டி ஓட்டுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், கேட்டும் தப்பு, ஓட்டினவனும் தப்பு. அன்றோடு பேச்சு நின்றது. அவர்கள் மனைவிமார் இரண்டு பேரும் பகலெல்லாம் பின்கட்டில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசுவார்கள், வீட்டுக்காரன்களின் வண்டிச் சத்தம் கேட்டால் ஆளுக்கொரு கதவில் நுழைந்துகொள்வார்கள். அவர்களுக்காவது புத்தி இருந்தது.

நான் வந்து சேர்ந்ததும் தம்பிகளுக்கு வசதியாகப் போயிற்று. "அக்கா, அவன்கிட்ட சொல்லு, மோட்டார் ரூம் லைட்டை அணைக்கச் சொல்லு." "அக்கா, அவரைக் குப்பைத்தொட்டியைத் தள்ளி வெக்கச் சொல்லு." இரண்டு பேரும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பார்கள். நடுவில் நான் ஊன்றுகோலோடு நிற்பேன். என்னமோ வெளிநாட்டுக்காரனுக்கு மொழிபெயர்க்கிற மாதிரி திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பேன். தலையெழுத்து.

ஆனால் தண்ணீர் நன்றாக இருந்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. முதல் நாள் படியில் இறங்கி, இடுப்பளவு வந்ததும் வலது முழங்காலைத் தூக்கினேன். தூக்க வந்தது. தரையில் ஒரு விரல்கடை தூக்க முடியாத கால் தண்ணீருக்குள் தொப்புள் உயரத்துக்கு வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு சிரித்தேன். தினமும் காலையில் நடந்தேன். கொஞ்ச நாளிலேயே நாற்காலியில் உட்கார்ந்தபடி குதிகாலைத் தரையிலிருந்து எடுக்க முடிந்தது. பிசியோ அம்மா, "இப்படியே போனா வண்டி உங்களுக்குத்தான்" என்றார்.

அப்போதுதான் படியின் மூலையில் பச்சையாக ஏதோ படர ஆரம்பித்தது. முதலில் நிழல் என்று நினைத்தேன். காலால் தேய்த்தால் வழவழவென்று வந்தது. பாசி. அதற்கு அடுத்த நாள் சுவர் பச்சை, அதற்கடுத்து தண்ணீரே பச்சை. முன்பெல்லாம் வாரத்துக்கு ஒரு தடவை ஆள் வந்து குளத்தைப் பார்த்துவிட்டுப் போவாராம். சண்டைக்குப் பிறகு அவருக்கு யார் போன் செய்வது என்ற பிரச்சினையில் அது நின்றுபோயிற்று. நான் பெரியவனிடம் சொன்னேன்.

"நீ கவலைப்படாதக்கா. நான் பாத்துக்குறேன். அவன்கிட்ட மட்டும் சொல்லாத, வந்து நோண்டிட்டு இருப்பான்."

சின்னவனிடமும் சொன்னேன், சொல்லாமல் இருந்தால் அவனுக்கு வருத்தம்.

"நீ கவலைப்படாதக்கா. நான் பாத்துக்குறேன். அவருக்கு இதெல்லாம் தெரியாது, அவர்கிட்ட சொல்லாத."

இரண்டு பேரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். நானும் பைத்தியக்காரி, யாரோ ஒருவன் பார்த்துக்கொள்வான் என்று இருந்துவிட்டேன். இரண்டு பேரும் பார்த்துக்கொள்வான்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு அந்தத் தண்ணீர் எனக்குக் காட்டிய கூத்தைச் சொல்லி முடியாது. ஒரு நாள் இறங்கினால் கண் எரியும். மறுநாள் இறங்கினால் சோப்புத் தண்ணீர் மாதிரி தோலெல்லாம் வழுக்கும். அதற்கடுத்த நாள் பால் கலந்த மாதிரி வெளுத்து, என் பாதமே எனக்குத் தெரியாது. பச்சை மட்டும் போகவில்லை. வெளுப்பு தெளிந்தால் உள்ளே பச்சை, புத்தம் புதிதாக இருக்கும். மோட்டார் ரூமில் ஒரு சோதனை டப்பா இருந்தது, தண்ணீரைப் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால் நிறம் மாறும். நானே பிடித்துப் பார்த்தேன். குளோரின் வேண்டிய அளவுக்கு மேலேயே இருப்பதாக நிறம் சொன்னது. குளோரின் இவ்வளவு இருக்கும்போது பாசி எப்படி உயிரோடு இருக்கிறது? டப்பா பொய் சொல்கிறதா, என் கண் பொய் சொல்கிறதா என்று தெரியாமல் டப்பாவைத் தூக்கி எறிந்தேன். பிறகு நானே குனிந்து பொறுக்கினேன், குனிவதற்கு எனக்கு ஆன நேரத்தில் கோபம் இன்னும் ஏறியது.

ஒரு காலையில் படியில் கால் வைத்ததும் தொடையில் ஆபரேஷன் செய்த தழும்பு பற்றி எரிந்தது. மிளகாய் தடவின மாதிரி எரிச்சல். அலறிக்கொண்டு வெளியே ஏறினேன். தழும்பைச் சுற்றித் தோல் சிவந்து உரிந்திருந்தது. பிசியோ அம்மா பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இந்தத் தண்ணியில இனிமே இறங்காதீங்க. தோல் ஆறட்டும், குளமும் சரியாகட்டும். அதுவரைக்கும் கட்டில்ல படுத்துட்டே தூக்கிப் பாருங்க."

"கட்டில்ல தூக்க வரலையே, அதுக்குத்தானே தண்ணி?"

"என்ன பண்றது. சீக்கிரம் சரி பண்ணச் சொல்லுங்க உங்க தம்பிங்ககிட்ட."

சொன்னேன். இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். இரண்டு பேரும் பதறிப்போனார்கள். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வராத குறை. "அடுத்த வாரம் கண்ணாடி மாதிரி இருக்கும் பாருக்கா" என்றான் பெரியவன். "ரெண்டு நாள் பொறுக்கா" என்றான் சின்னவன். அடுத்த வாரமும் வந்தது, பச்சையும் இருந்தது. கட்டிலில் படுத்துக்கொண்டு முழங்காலைத் தூக்கிப் பார்த்தேன். பிசியோ அம்மா சொன்னது சரிதான், சதை திரும்பவும் தூங்கப் போய்விட்டது. நாற்காலியில் குதிகால் எழும்பியது நின்றது. ஜன்னல் வழியாக அந்தப் பச்சைத் தண்ணீரைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு தண்ணீர் பாட்டிலில் குளத்துத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறி, குளத்து மருந்து விற்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் கலகலப்பான ஆள். என் பாட்டிலை வாங்கி ஒரு மெஷினில் ஊற்றிவிட்டு வீடு எங்கே என்று விசாரித்தார். சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது.

"ஓ, அந்த வீடா? நம்ம வாடிக்கைதாம்மா. காலையில ஒரு சார் வந்து ஆசிட் வாங்கிட்டுப் போவாரு. சாயங்காலம் இன்னொரு சார் வந்து சோடா உப்பு வாங்கிட்டுப் போவாரு. குளோரின் மாத்திரை ரெண்டு பேருமே டப்பா டப்பாவா வாங்குவாங்க. நான் உங்க வீட்டுல ரெண்டு குளம் இருக்குன்னு நினைச்சேன்."



"ஒரே குளம்தான்" என்றேன்.

"ஒரே குளமா? அப்ப அவரு புளிப்பாக்க, இவரு அதை அடிக்க, அவரு திரும்பப் புளிப்பாக்க..." என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

மெஷின் நம்பரைக் காட்டியது. அதைப் பார்த்ததும் அவருக்கே சிரிப்பு போய்விட்டது. குளோரின் மாத்திரைக்குள் இன்னொரு மருந்து சேர்த்திருப்பார்களாம், வெயிலில் குளோரின் ஆவியாகிப் போகாமல் இருப்பதற்கு. குளோரின் செலவாகிவிடும், அந்த மருந்து செலவாகாதாம், தண்ணீரிலேயே தங்கிவிடுமாம்.

"கொஞ்சமா இருந்தா நல்லது. அளவுக்கு மேல போயிட்டா குளோரினைக் கையைக் கட்டி உக்கார வெச்சிரும். டெஸ்ட்ல குளோரின் இருக்குன்னு காட்டும், ஆனா வேலை செய்யாது. பாசி ஜாலியா வளரும். பச்சையா இருக்கேன்னு இன்னும் மாத்திரை போட்டா இன்னும் மோசமாகும். உங்க வீட்டுல ரெண்டு பேரும் சேர்ந்து அதைத்தாம்மா பண்ணியிருக்காங்க."

"இதுக்கு என்ன மருந்து?"

"மருந்தே கிடையாது. பாதிக்கு மேல தண்ணியை வெளியேத்திட்டுப் புதுத் தண்ணி விடணும். அவ்வளவுதான்."

"அவங்க வாங்கும்போதே இதைச் சொல்லியிருக்கலாமில்ல?"

"அவங்க கேக்கலையேம்மா" என்றார். கேட்கவில்லையாம். அவர் கடையில் நின்று நாலு வார்த்தை நன்றாகக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

அன்று சாயங்காலம் இரண்டு பேரையும் குளத்தங்கரைக்குக் கூப்பிட்டேன். ஒருவன் இந்தக் கரையில் நின்றான், இன்னொருவன் அந்தக் கரையில் நின்றான். நடுவில் பச்சைத் தண்ணீர்.

"நீ காலையில என்னடா ஊத்துற?" என்று பெரியவனைக் கேட்டேன்.

"ஆசிட். தண்ணி புளிப்பா இருந்தாத்தான் குளோரின் நல்லா வேலை செய்யும். உனக்காகத்தான்க்கா."

"நீ?"

"சோடா" என்றான் சின்னவன். "யாரோ ஆசிட் ஊத்தி உன் தோலெல்லாம் எரியுதேன்னுதான்க்கா போட்டேன். எல்லாம் உனக்காகத்தான்."

எனக்காகவாம். இவன் ஊற்றினதை அவன் அடிக்க, அவன் போட்டதை இவன் அடிக்க, நடுவில் என் தோல் உரிந்தது எனக்காகவாம். "ஏண்டா, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, நான் ஊத்துறேன் நீ ஊத்தாதன்னு வாயைத் திறந்து சொல்லியிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும் என்று இன்னும் சத்தமாகக் கத்தினேன். கடைக்காரர் சொன்னதை எல்லாம் சொன்னேன். தண்ணீரை மாற்ற வேண்டும் என்றேன்.

"அவனை முதல்ல சோடா போடுறதை நிறுத்தச் சொல்லுக்கா" என்றான் பெரியவன்.

"அவரு நிறுத்தினா நான் நிறுத்துறேன்னு சொல்லு" என்றான் சின்னவன்.

"தண்ணி மாத்துறதுன்னா இப்ப முடியாது. லீவு நாள்ல பாக்கலாம். அதுவும் அவன் பக்கத்துக் குழாயிலதான் விடணும், என் பக்கம் தண்ணி மெதுவா வருது."

"என் பக்கத்துக் குழாயிலயா? நல்லா இருக்கே கதை. சொல்லிடு அவர்கிட்ட, நடக்காதுன்னு."

நான் எதையும் யாரிடமும் சொல்லவில்லை. உள்ளே போய்க் கதவை, இரண்டு பக்கத்துக் கதவையும், சாத்திக்கொண்டேன்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் வேலைக்குப் போனதும் மோட்டார் ரூமுக்குப் போனேன். பில்டரின் தலையில் ஒரு பெரிய கைப்பிடி இருந்தது. அதைத் திருப்பினால் தண்ணீர் குளத்துக்குத் திரும்பி வராமல் சாக்கடைக்குப் போய்விடும். அழுத்தித் திருப்பி, மோட்டாரைப் போட்டேன். பெரியவன் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணி, அவரு வந்தா சத்தம் போடுவாரே" என்றாள். "போடட்டும், நானும் போடுவேன்" என்றேன். அவள் உள்ளே போய் எனக்கு ஒரு நாற்காலியும் குடையும் கொண்டுவந்து போட்டாள். கொஞ்ச நேரத்தில் சின்னவன் மனைவி குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து, ஆசிட்டும் சோடாவும் மாத்திரையுமாக அந்த வீம்பு முழுவதும் சுழித்துக்கொண்டு போவதைப் பார்த்தோம். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. முழங்கால் ஆழத்துக்கு வந்ததும் நானே மோட்டாரை நிறுத்தினேன்.

சாயங்காலம் இரண்டு வண்டியும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தன. இரண்டு பேரும் பின்பக்கம் வந்து பார்த்தார்கள். குளம் வற்றிக் கிடந்தது, சுவரெல்லாம் பச்சை காய்ந்து தொங்கியது. பெரியவன் வாயைத் திறந்தான்.

"அக்கா பண்ணியிருக்கிற வேலையைப் பாருடா."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சின்னவனைப் பார்த்துச் சொன்னான்.

"ஆமாண்ணா" என்றான் சின்னவன். "தண்ணி இல்லாம மோட்டார் எரிஞ்சுபோயிருந்தா என்ன ஆகியிருக்கும்ணா? யாரையும் கேக்குறதில்லை."

"அக்காவுக்கு எப்பவுமே அவசரபுத்திடா."

"சின்ன வயசுலேருந்தே அப்படித்தானேண்ணா."

இத்தனை நாள் தொண்டை வறளக் கெஞ்சியும் வராத பேச்சு, என்னைத் திட்டுவதற்கென்றதும் வெள்ளமாக வருகிறது. பேசினார்கள், பேசினார்கள், இருட்டும் வரை குளத்துக்குள் இறங்கி நின்று பேசினார்கள். பிறகு பேன்ட்டை மடித்துக்கொண்டு, ஆளுக்கொரு பிரஷ்ஷை எடுத்துச் சுவரைத் தேய்த்தார்கள். கேட் உரசின கதைகூட வந்தது, "சரி விடுடா, கேட்டு கொஞ்சம் வெளியேதான் இருக்கு" என்று பெரியவன் சொன்னது என் அறைக்குள் கேட்டது. மனைவிமார் இரண்டு பேரும் அழுதார்கள். எல்லாரும் சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். நான் காலைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

சரி, இனியாவது தண்ணீர் வரும் என்று நினைத்தேன். வந்தது. இரண்டு பக்கத்துக் குழாயிலும் விட்டும், குளம் நிரம்ப நாளாயிற்று. நிரம்பியதும் இறங்கலாம் என்று போனால், இரண்டு பேரும் கையில் சோதனை டப்பாவோடு மறித்தார்கள்.

"இன்னும் ரீடிங் சரியா வரலைக்கா. போன தடவை மாதிரி ஆயிடக் கூடாதில்ல?"

"ஆமாக்கா, அண்ணன் சொல்றது சரி. இன்னும் ஒரு நாள் போகட்டும்."

மறுநாளும் ஒரு நாள் போகட்டும் என்றார்கள். அதற்கு மறுநாள் பாசி முளைக்காமல் இருக்கக் குளோரினை அதிகமாகப் போட்டிருப்பதாகவும், அது இறங்கும் வரை தண்ணீரைத் தொடக் கூடாது என்றும் சொன்னார்கள். சொட்டு விடுவதும், வெயிலில் பிடித்துப் பார்ப்பதும், தலையை ஆட்டிக்கொள்வதும், அடடா, என்ன ஒற்றுமை. சண்டை போட்டுக்கொண்டு பாதி நாளைத் தின்றார்கள், சமாதானமாகி மீதி நாளைத் தின்றார்கள். ஒரு நாள் சொல்லாமல் இறங்கப் போனபோது, இரண்டு பேரும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டார்கள். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். "உன் நல்லதுக்குத்தான்க்கா" என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள்.

கடைசியில் அவர்கள் சரி என்று சொல்லி நான் இறங்கினபோது, சூப்பர்வைசர் வரச்சொன்ன நாள் முகத்துக்கு நேரே வந்துவிட்டது.

யூனிஃபார்மைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். பள்ளி மைதானத்தில் என் வேன் நின்றது. சீட்டை யாரோ பின்னால் தள்ளி வைத்திருந்தான், இழுத்துச் சரிசெய்தேன். சூப்பர்வைசர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். வண்டியை எடுத்தேன். ஸ்டியரிங் கையில் பழகின மாதிரியே இருந்தது, கியர் சொன்ன பேச்சைக் கேட்டது. மைதானத்தை நேராகத் தாண்டிப் போகும்போது அவர் டேஷ்போர்டைத் தட்டி, "நிறுத்துங்க" என்றார்.

கால் எழும்பவில்லை. ஆக்சிலேட்டரின் மேல் கல் மாதிரி கிடந்தது. என் வலது கை தானாக ஸ்டியரிங்கை விட்டு இறங்கி, தொடையைப் பிடித்துத் தூக்கிப் பிரேக்கின் மேல் வைத்தது. வண்டி நின்றது. அதற்குள் அவர் காட்டிய இடத்தைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தோம், முன்னால் பள்ளியின் சுவர் கைநீட்டினால் தொடலாம் போல இருந்தது.

அவர் குனிந்து என் கையைப் பார்த்தார். கை இன்னும் தொடையில்தான் இருந்தது. சாவியை அவரே திருப்பி எஞ்சினை அணைத்தார்.

"இன்னொரு தடவை போடுறேன் சார்" என்றேன்.

"வேண்டாம்மா."

"இப்பத்தான் திரும்ப ஆரம்பிச்சிருக்கேன். இன்னும் கொஞ்ச நாள் இருந்தா வந்துடும்."

"எனக்குத் தெரியும்மா. ஆனா பிள்ளைங்க அடுத்த வாரம் வராங்க" என்றார். அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பிள்ளைகளைப் பிடித்து ஏற்றி இறக்குகிற வேலை வேண்டுமானால் இருக்கிறது என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று இறங்கினேன். இறங்கும்போதும் கையால் காலைத் தூக்கித்தான் இறக்கினேன்.

வீட்டுக்கு வந்தபோது தம்பிகள் இரண்டு பேரும் குளத்துக்குள் இருந்தார்கள். தண்ணீர் நீலமாக, தரையில் ஒரு ஊசி விழுந்தாலும் தெரியும்படி இருந்தது. இரண்டு பேரும் கழுத்தளவு நின்று எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்கள்.

"என்னாச்சுக்கா?"

"வண்டி இல்ல."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பெரியவன் நீந்தி என் பக்கத்துக் கரைக்கு வந்தான்.

"விடுக்கா. இந்த வயசுல அந்த வேலை எதுக்கு? நாங்க இருக்கோமில்ல."

"ஆமாக்கா" என்றான் சின்னவன், அண்ணன் தோளில் கையைப் போட்டபடி. "நாங்க ரெண்டு பேரும் உன்னைப் பாத்துக்குறோம்."

நாங்க. எத்தனை நாள் அந்த வார்த்தையை இந்த இரண்டு வாயிலிருந்தும் கேட்கக் காத்திருந்தேன். என் காலைக் கொடுத்த பிறகு வருகிறது. அவர்கள் முகத்தில் அவ்வளவு பாசம், உண்மையான பாசம். எனக்கு அந்த இரண்டு தலையையும் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்க வேண்டும் போல இருந்தது.

"வெளிய ஏறுங்கடா" என்றேன்.

"என்னக்கா?"

"ரெண்டு பேரும் வெளிய ஏறுங்க. என்னைப் பாத்துக்க ஆள் வேணும்னு நான் கேட்டேனா? எனக்குத் தண்ணிதான்டா வேணும். ஏறுங்க."

ஏறினார்கள். நான் யூனிஃபார்மோடு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். சின்னவன், "அக்கா, அந்தத் துணியோடயா" என்று ஆரம்பித்தான், என்னைத் திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. வலது முழங்காலைத் தூக்கினேன். ஒரு தடையும் இல்லாமல், சொன்ன உடனே, தொப்புள் உயரத்துக்கு வந்தது.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் வந்த அழுகை. கரையில் நின்ற இரண்டு பேரும் நான் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.